மரம் வைக்காத வளவு

முகாம்களிலும் பிறர் காணிகளிலும் பிறந்த நம்மில் பலருக்கு முதல் நரை விழுந்துவிட்டது. நம் பிள்ளைகள் "எங்கட ஊர் எது?" என்று கேட்டால் இன்னும் இரண்டு பதில் சொல்கிறோம். தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உம்மாவும் வாப்பாவும் விட்டுவந்த மன்னார்ப் பக்கத்துக் கிராமம் ஒன்று. நாம் பிறந்து வளர்ந்த புத்தளத்துக் கரை மற்றது. முதலாவதை நம்மில் அநேகர் சிறு வயதில் கண்டதில்லை. பெரியவர்கள் சொல்லக் கேட்டதோடு சரி. எனக்கு மட்டும் அது ஒரு விதைப் புத்தகத்துக்குள் இருந்தது.

யுத்தம் முடிந்து வந்த இரண்டாவது மாரி அது. கண்டக்குழிக்குப் போகும் வீதியிலிருந்து உள்ளே இறங்கினால் ஒரு தென்னங்காணி வரும். அதன் கடைசி மூலையில் எங்கள் ஓலை வீடு. மழைக்கு வெங்காயத் தோட்டங்களில் தண்ணீர் நின்றதால் வாப்பாவுக்குக் கூலி வேலை இல்லை. வாரத்தில் ஓரிரு நாள் சந்தியில் இருந்த உரக்கடையில் மூட்டை இறக்கப் போவார். அந்தக் கடைக்காரர் பழசாகிப்போன விதைக் கட்டலொக் ஒன்றை வீசப் பார்த்தபோது வாப்பா கேட்டு வாங்கி, நெஞ்சோடு சேட்டுக்குள் வைத்து நனையாமல் கொண்டுவந்தார்.

தடித்த, பளபளக்கும் தாள்கள். மூக்கருகே கொண்டுபோனால் யூரியா நெடி. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு காயோ கனியோ, வெட்டிய பாதியும் வெட்டாத முழுதுமாக. கீழே சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று வரிசை எழுத்து. எழுத்து மிகச் சிறியது. வாப்பாவின் கண்ணுக்கு எட்டாது. அதனால் வாசிப்பது என் வேலையாயிற்று. ஓலைக் கூரை ஒழுகும் இடங்களில் சட்டிகளை வைத்துவிட்டு, ஒழுகாத மூலையில் பாயைப் போட்டு நாங்கள் உட்காருவோம். நான் வாசிப்பேன். வாப்பா விரலால் பாயில் கோடு கீறுவார். பாய்தான் ஊர் வளவு. அதன் இந்தக் கரை குளத்துப் பக்கம், அந்தக் கரை கிழக்கு வேலி, நடுவில் கிணறு.

"மாதுளை எங்க வைப்பம்?"

"கிணத்தடியில," என்பேன். மாதுளைப் படத்தில் பழத்தைப் பிளந்து வைத்திருந்தார்கள். அதற்காகவே அதை எனக்கென்று எடுத்திருந்தேன்.

"கிணத்தடியில வேர் போகும் புள்ள. கொஞ்சம் தள்ளி வைப்பம்."

தம்பி ஸ்ட்ரோபெரி கேட்டான். மன்னார் வெயிலில் ஸ்ட்ரோபெரி! வாப்பா அதற்கும் ஓம் என்றார்.

உம்மா முதலில் சேரவில்லை. அடுப்படியில் இருந்தபடியே, "புத்தகத்த அவிச்சாச் சோறாகுமா?" என்பார். வாப்பா விடமாட்டார். "நீயும் ஒண்டு சொல்லு. ஒனக்கு என்ன மரம் வேணும்?" ஒருநாள் உம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, படங்களைப் பார்க்காமலே சொன்னார்.

"கறிவேப்பில. குசினிக்குப் பின்னால, கையெட்டுற தூரத்துல. இருபது வருசமா ஒரு நெட்டுக்கு அங்க போய் நிண்டது போதும்."

'அங்க' என்றால் காணிக்கார மாமியின் வீடு.

காணி அந்த மாமியுடையது. காட்டு வழியாக நடந்து எலுவன்குளத்தில் ஏறி, அங்கிருந்து லொறியில் வந்து இறங்கியவர்களில் உம்மாவும் வாப்பாவும் இருந்தார்கள். மாமி அப்போதே விதவை. கேட்காமலேயே இந்த மூலையைக் காட்டி, ஓலையும் தடியும் தன் செலவில் இறக்கிக் கொடுத்திருக்கிறார். ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம்.

"கீர போடுங்க, மிளகா போடுங்க, நான் ஒண்டும் சொல்ல மாட்டன். காய்க்கிற மரம் மட்டும் வேணாம் தங்கச்சி."

இது கல்நெஞ்சம் இல்லை. அந்தப் பக்கத்துக் காணிக்காரர் எல்லாருக்கும் இருந்த பயம். பிறத்தியான் காணியில் ஒருவன் மரம் நட்டு அது காய்த்துவிட்டால், நட்டவனுக்கும் பங்குண்டு என்று நாளைக்குக் கோட்டுக்குப் போவான் என்பார்கள். தென்னை விளையும் ஊர்களில் அப்படி அண்ணன் தம்பிகளே வழக்காடிக் கிடந்தார்கள். இருக்க இடம் கொடுக்கலாம், வேர் விட இடம் கொடுக்கக் கூடாது. எழுதி வைத்த சட்டம் எதுவென்று யாருக்கும் தெரியாது. பயம் மட்டும் தெரியும்.

உம்மா அந்தச் சொல்லை மார்க்கக் கடமைபோலக் காத்தார். வேலிக்கு நடும் கதியால் தடிகள் தளிர்த்துவிடும் என்று அவற்றைத் தலைகீழாக நடச் சொல்வார். மாம்பழம் தின்றால் கொட்டையைத் தேடி வாங்கி அடுப்பில் போடுவார். குப்பையில் தானாக முளைத்த பப்பாசியைக் கண்டால், கைக்குழந்தையை இறக்கி வைத்துவிட்டு முதலில் போய் அதைப் பிடுங்குவார். மாமி வீட்டு வளவில் மா, கொய்யா, தேசி, முருங்கை எல்லாம் நின்றன. எங்கள் மூலையில் ஓலை வீட்டுக்கு மேலே நிழல் தந்தவை மாமியின் தென்னைகள்தான்.

அப்படிப்பட்ட வளவில்தான் வாப்பா ஒருநாள் விதைப் பக்கெட்டுகளோடு வந்தார். திகதி முடிந்து கடையில் ஒதுக்கிய கடதாசிப் பக்கெட்டுகள். மாதுளை, தேசி, கொய்யா.

உம்மா அடுப்படி வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "மரம் வேணாம் எண்டு வாக்கு."

"நிலத்துலயா வைக்கிறன்? பையில வைக்கிறன். மன்னார்ப் பாத தெறந்துட்டு. காட்ட வெட்டி ஊரத் துப்புரவாக்கக்குள்ள மரக்கண்டு ரெடியா இருக்கணும். தூக்கிக்கொண்டு போறதுதானே."

உம்மா கேட்கவில்லை. தானே மாமியிடம் போய்ச் சொல்லி, மாமியைக் கையோடு கூட்டிவந்தார். வெள்ளை முக்காடும் கையில் குடையுமாக மாமி வந்து கறுப்புப் பைகளைப் பார்த்தார். பைகள் குசினிச் சுவரோடு ஒட்டி, தோளோடு தோளாக நின்றன.

"ஊருக்குப் போற மரமா?" என்றார்.

"ஓம் ராத்தா," என்றார் வாப்பா. வயதில் மூத்தவர் என்பதால் உம்மாவும் வாப்பாவும் அவரை ராத்தா என்றே அழைப்பார்கள்.

"அப்ப எனக்கென்ன? ஆட்டுப் புழுக்கை இருக்கு, அனுப்புறன். போடுங்க." திரும்பிப் போகும்போது நின்று, "போனாப் பொறகு இந்தப் பக்கம் வரமாட்டீங்க என?" என்றார். உம்மா அழுதுவிட்டார்.

மாமிக்கு அந்தப் பைகள் ஓர் ஆறுதல் என்பது இப்போது புரிகிறது. கடற்கரையில் வெள்ளைக்காரர் பட்டம் கட்டிக்கொண்டு தண்ணீரில் ஓடும் விளையாட்டுக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். தங்குமிடம் கட்டக் காணி தேடிக் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்தார்கள். காணியை விற்கும் எண்ணம் மாமியின் மூத்த மகனுக்கு. யுத்தம் முடிந்தும் இவர்கள் போகிறார்களில்லையே என்று தாயை நச்சரித்துக்கொண்டிருந்தார். "மரம் வளத்துக்கொண்டு இருக்காங்க, இன்னும் ஒரு மாரிக்குள்ள போயிடுவாங்க" என்று மாமி மகனிடம் வாக்குக் கொடுத்திருந்தார். எங்கள் வாக்கை நம்பி அவர் கொடுத்த வாக்கு அது.

மழை ஓய்ந்ததும் வாப்பா, வேறு கிராமங்களைத் தேடிப் போன சிலரோடு டிரக்டரில் எலுவன்குளம் தாண்டிக் காட்டுப் பாதையால் ஊருக்குப் போனார். சில நாளில் திரும்பி வந்தார். முழங்காலுக்குக் கீழே முள் கீறிய கோடுகள். உம்மா வாசலிலேயே கேட்டார்.

"வளவு?"

"இருக்கு."

"கிணறு?"

"இருக்கு. தண்ணி கண்ணாடி மாதிரி."

"புளிய மரம்?"

"எல்லாம் இருக்கு. சோத்தப் போடு."

உம்மா அன்று மாலையே சொந்தக்காரருக்கெல்லாம் கோல் எடுத்துச் சொன்னார். நான் பள்ளிக்கூடத்தில் சொன்னேன். என் வகுப்பில் மாமியின் பேத்தி படித்தாள். எங்கள் தோட்டத்தில் எட்டு வகைப் பழம் வரப் போகிறது என்று நான் அளந்துகொண்டிருந்தபோது அவள் குறுக்கே வந்தாள்.

"ஒங்களுக்கு ஏது தோட்டம்? எங்கட உம்மம்மாட வளவுலதானே இருக்கீங்க."

"மன்னார்ல இருக்கு. ஒங்கட வளவு வெறும் மணல். எங்கடது களி மண், கறுப்பு."

"நீ பாத்தியா?"

"வாப்பா பாத்தவர்."

"வாப்பா பாத்தா நீ பாத்த மாதிரியா? நீயும் ஒன்ட புத்தகமும்!"

எல்லாரும் சிரித்தார்கள். புத்தகத்தை எடுத்துவந்து அவளுக்குக் காட்ட வேண்டும் என்று வீட்டுக்குப் போனேன். வாப்பா ஏற்கெனவே அதை விரித்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்.

"இதில எது மணல்ல நிக்கும் எண்டு போட்டிருக்கா? பாத்துச் சொல்லு புள்ள. உப்புக் காத்தும் தாங்கணும்."

நான் தேடித் தேடி வாசித்தேன். மாதுளை வறட்சி தாங்கும். கொய்யா எந்த மண்ணிலும் வளரும். தேசிக்கு நீர் தேங்கக் கூடாது. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அன்று பகல்தான் ஊர் மண் களி, கறுப்பு என்று நான் சண்டை பிடித்துவிட்டு வந்திருந்தேன். மன்னார்க் கிராமத்துக்கு எதற்கு மணலில் நிற்கும் மரம் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. விரலால் பாயில் கோடு கீறுவதை வாப்பா நிறுத்திவிட்டதும் அப்போது என் கண்ணில் படவில்லை.

அடுத்த கிழமை அவர் பைகளைக் குசினிச் சுவரிலிருந்து எடுத்து, பின்வேலி ஓரமாகக் கொண்டுபோய் வைத்தார். ஒட்டி வைக்கவில்லை. ஒரு பைக்கும் அடுத்த பைக்கும் இடையில் ஒரு பாயை விரிக்கலாம். ஒவ்வொன்றும் மணலில் பாதி புதைந்து நின்றது. காற்றுக்குச் சாயாமல் இருக்கத்தான் என்று உம்மாவிடம் சொன்னார். வரிசை அழகாக இருந்தது. நான் பள்ளியால் வந்து அந்த வரிசைக்குள் நடந்து பார்ப்பேன். நாங்கள் தோட்டம் உள்ள ஆட்கள் என்று தோன்றும்.

பிறகு மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கியது. வெள்ளைக்காரரின் பட்டங்கள் தென்னைகளுக்கு மேலாகத் தெரிந்தன. ஊருக்குப் போகக் கன்று வளர்த்த இன்னும் இரண்டொரு வீடுகளில் பைகள் விழுந்து உருண்டன. காலையில் எழும்பி நிமிர்த்துவதே அவர்களுக்கு வேலை. எங்கள் பைகள் ஒன்றும் விழவில்லை. பக்கத்து வீட்டு மாமா வந்து பார்த்துவிட்டு, "நீங்க என்னப்பா, பைக்குள்ள சீமெந்தா போட்டீங்க?" என்று பகடி விட்டார். வாப்பா சிரிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு, மாமியின் மூத்த மகன் கொழும்பு ஆள் ஒருவரைக் கூட்டிவந்தார். அளக்கும் நாடாவை இழுத்துக்கொண்டு பின்வேலியால் வந்தார்கள். நாடா போகும் வழியில் ஒரு மாதுளைப் பை நின்றது. வாப்பா தொப்பியைக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"நானா, இத ஒருக்கா அங்கால வைக்கிறன்," என்று மகன் வாப்பாவை அண்ணன் முறை வைத்து மரியாதையாகவே சொன்னார். குனிந்து பையைத் தூக்கினார்.

வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். பொலித்தீன் மட்டும் மேலே வந்தது, சட்டைக் கை கழன்று வருவதுபோல. மண்ணும் கன்றும் அப்படியே நிலத்தில் நின்றன.

அவர் அடுத்த பைக்குப் போனார். பிறகு அதற்கடுத்ததற்கு. எல்லாம் ஒன்றுதான். கொழும்பு ஆள் நாடாவைச் சுற்றிக்கொண்டு தூரப் போய் நின்றார். அயல் வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து வேலியால் பார்த்தார்கள். அவர்களும் எங்களைப்போல இருக்க இடம் தரப்பட்டவர்கள். எங்கள் காரியத்தால் தங்களுக்கும் ஆபத்து என்று அவர்களுக்குத் தெரியும்.

"உம்மாவக் கூட்டிக்கொண்டு வா," என்று மகன் யாரிடமோ சொன்னார். சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம்.

மாமி குடையில்லாமல் வந்தார். உம்மா ஓடிப்போய், "ராத்தா, வேர் கீழால போயிட்டு, நான் பைய மாத்தி மாத்தி வைச்சிருக்கணும், என்ட பிழை," என்றார். உம்மா அதை நம்பித்தான் சொன்னார். பையின் அடியில் நீர் போகத் துளை இருக்கும். நாள்பட வைத்தால் வேர் அதற்குள்ளால் இறங்கும். கன்று வளர்க்கும் எல்லாருக்கும் நடக்கிற பிழை.

மாமி மணலில் குந்தி உட்கார்ந்தார். மகன் உருவிப் போட்ட பொலித்தீனை எடுத்தார். அதன் அடி இல்லை. கிழிந்திருக்கவில்லை; சவரப் பிளேட்டால் சுற்றிவர வெட்டப்பட்டிருந்தது. மாமி அந்த விளிம்பில் பெருவிரலை வைத்து ஒரு சுற்று ஓட்டினார். நான் அவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றேன். விரல் ஓரிடத்திலும் தடங்கவில்லை.

அவர் நிமிர்ந்து வாப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"ஊருக்குக் கொண்டு போகத்தானே தம்பி?"

இத்தனை வருடம் கழித்து அந்தக் கேள்வியைத் திருப்பிப் பார்க்கிறேன். அது விசாரணை இல்லை. எல்லார் முன்னாலும் ஓம் என்று சொல்லிவிட்டுப் போக அவர் ஒரு வழி விட்டுக் கேட்டார். மகனுக்கு முன்னால் தானும் தப்பிக்க அவருக்கு அந்த ஓம் வேண்டியிருந்திருக்கும்.

வாப்பா எழுந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஊர்ல ஒண்டும் இல்ல ராத்தா."

தொப்பியை இரண்டாக மடித்தார்.

"காடு. எது யார்ட வளவு எண்டு கண்டுபிடிக்க ஏலாது. கிணத்தத் தேடினன். காணல்ல."

உம்மா வாப்பாவைப் பார்க்கவில்லை. அயலாரைப் பார்த்தார். கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி என்று அவர்களில் ஒவ்வொருவரிடமும் சொன்னவர் அவர். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் போக முடியாமல் நின்றேன். மாமியின் பேத்தியும் வந்திருந்தாள். அவள் என்னைப் பார்த்துச் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அந்தச் சிரிப்பை நான் தாங்கியிருப்பேன்.

மாமி கையில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

"இத முந்தியே என்னட்டச் சொல்லியிருக்கலாமே," என்றார். "சொல்லிப்போட்டு வைச்சிருக்கலாமே." பிறகு மகனிடம் திரும்பி, "வா" என்றார். போகும்போது எங்கள் வீட்டுப் பக்கம் பார்க்கவில்லை.

சொல்லியிருந்தால் விட்டிருப்பாரா? எனக்குத் தெரியாது. மகன்களை மீறியிருக்க முடியாது என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள், அந்த மாமி மீறியிருப்பார் என்று தோன்றும். வாப்பா தெரிந்துகொள்ள முயலவில்லை என்பது மட்டும் நிச்சயம். இருபது வருடம் சோறும் தண்ணீரும் கறிவேப்பிலையும் கேட்ட இடத்தில் இதையும் கேட்க அவரால் முடியவில்லை. கேட்பதைவிட ஏமாற்றுவது மானம் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. நாங்கள் எல்லாரும் அப்படித்தான் வளர்க்கப்பட்டிருந்தோம். வாங்கும்போது தலை குனிவோம். நிமிர்ந்தபின் வாங்கியது நினைவிருக்காது.

அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு வாப்பா மண்வெட்டியோடு வரிசையின் ஒரு தலையிலிருந்து தொடங்கினார். மாதுளை வேர்கள் இவ்வளவு ஆழம் போயிருக்கும் என்று அவரும் நினைத்திருக்கமாட்டார். ஒரு கன்றுக்கு முழங்கால் அளவு தோண்டினார். உம்மா வெளியே வந்து பிடுங்கியவற்றை எடுத்து அடுக்கினார். உம்மாவும் வாப்பாவும் பிறகு அதைப் பற்றிப் பேசியதை நான் கேட்டதில்லை.

எங்களைப் போகச் சொல்லி மாமியிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. மகனிடமிருந்து வந்தது. அடுத்த மாரிக்கு முன்னால், புத்தளம் டவுனுக்கு வெளியே சொந்தக்காரர் ஒருவர் காட்டிய துண்டுக் காணிக்கு மாறினோம். சட்டிபானையை லொறியில் ஏற்றியபோது உம்மா விடைபெறப் போனார். மாமி தொழுதுகொண்டிருக்கிறார் என்று பேத்தி வாசலில் வந்து சொன்னாளாம். உம்மா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டார்.

புதுக் காணி எங்கள் பெயரில் இருந்தது. வாப்பா அதில் ஒரு கீரைப் பாத்திகூடப் போடவில்லை. கையில் கொஞ்சம் மிச்சம் வந்த நேரமெல்லாம் ஒரு மூட்டை சீமெந்து வாங்கினார். வாசலிலிருந்து மதில்வரை, பிறகு குசினிக்குப் பின்னால், பிறகு கிணற்றைச் சுற்றி, எல்லாம் தானே கலந்து தானே பூசினார். உம்மா கறிவேப்பிலையைக் கடையில் வாங்கினார்.

போன வருடம் டவுனில் ஒரு கலியாண வீட்டில் மாமியைக் கண்டேன். பெண்கள் பக்கத்தில் ஒரு கதிரையில் உட்கார வைத்திருந்தார்கள். அந்தக் காணியை மகன்கள் விற்றுப் பங்கு பிரித்து, அவர் இப்போது மகளோடு இருக்கிறார். கண் பார்வை குறைவு. நான் கிட்டப்போய், யாருடைய மகள் என்று சொன்னேன். என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். உம்மாவைக் கேட்டார். தம்பியைக் கேட்டார். பிறகு கேட்டார்:

"வாப்பா இப்ப மரம் கிரம் வைச்சிருக்காரா? சொந்தக் காணிதானே."

"ஓம் மாமி. வைச்சிருக்கார்."

"என்ன மரம்?"

"மாதுளை."

"காய்க்குதா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சாப்பாட்டுக்கு எழும்பிக்கொண்டிருந்தார்கள். மாமி என் கையை விடவில்லை.

"ஓம்," என்றேன். "நல்லாக் காய்க்குது."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அவருடைய பெருவிரல் என் கையின் மேல் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. நம்பினாரா என்று நான் முகத்தைப் பார்க்கவில்லை.